முப்பது நாளும் ஒரு வாளிச் சில்லும்

யார் வீட்டுக்குப் போனாலும் டைல்ஸ்காரர் முதலில் தரையைத்தான் பார்ப்பார். வீட்டுக்காரர் வாய் நிறைய "வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டு நிற்பார். இவர் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்து, வாசலோரத்து டைல்ஸைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் நிமிர்வார். காப்பியைக் கையில் கொடுத்தால் குடித்துக்கொண்டே குதிகாலால் தரையைத் தட்டுவார். அடியில் பசை பிடிக்காமல் காற்று நின்றிருந்தால் 'டொக்'கென்று ஒரு ஓசை வருமாம். அது மட்டும் வந்துவிட்டால் வந்த காரியம் மறந்து போகும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலேயே, "அந்த மூலையில நாலு டைல்ஸ் தூக்கப் போவுது, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்த மனிதர்.

இவருக்கு வாய்த்த மனைவியோ பஸ் கண்டக்டர். பத்தொன்பது வருஷமாக முகம் பார்த்தே பிழைத்தவள். யார் டிக்கெட் எடுத்தார், யார் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குகிற மாதிரி நடிக்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு ஒரே பார்வையில் தெரியும். தெருவில் கண்டக்டரம்மா என்றால்தான் தெரியும். அவள் சொந்தப் பெயரைக் கேட்டால் கூடப்பிறந்த அக்காவே ஒரு நொடி யோசிப்பாள்.

கண்டக்டரம்மாவுக்குப் புருஷன்மேல் ஒரே ஒரு குறை. குடி கிடையாது, கோபம் கிடையாது, சொன்ன நேரத்துக்கு வீடு வந்துவிடுவார். ஆனால் முகம் பார்த்துப் பேச மாட்டார். "கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆச்சு. இவர் என் மூஞ்சியப் பாத்த நேரத்தையெல்லாம் கூட்டினா ஒரு மணி நேரம் தேறாது" என்று அக்காவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவாள். கல்யாணப் பேச்சுக்கு முதன்முதலாக வந்த அன்றைக்கே அப்படித்தான். அரை மணி நேரம் தலை நிமிரவில்லை. பையன் ரொம்பக் கூச்ச சுபாவம் என்று வீட்டில் எல்லோருக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவர் பேசிய முதல் நீளமான வாக்கியம் இதுதான்: "உங்க அப்பா வீட்டுக் கூடத்துல மூணு டைல்ஸ் லூஸு."

அது அவள் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது. என்னைப் பார்க்க வந்தவர் டைல்ஸைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதை எந்தப் பெண்தான் மறப்பாள்.

இன்னொரு சில்லறைத் தகராறும் உண்டு. வேலை முடிந்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். அவையெல்லாம் பின்கட்டில் ஒரு பெரிய வாளியில் கிடந்தன. "இந்தக் குப்பையத் தூக்கி எறியுங்க" என்று அவள் நூறு தடவை சொல்லியிருப்பாள். அவர் நூறு தடவையும் "ம்" என்றார். ஊரார் வீட்டுக்கெல்லாம் கண்ணாடி மாதிரித் தரை போட்டவர் வீட்டில் வெறும் சிமெண்ட் தரை. அதில் ஒரு வாளிச் சில்லு வேறு.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில்தான் ஒரு நாள், ஓடுகிற பஸ்ஸில், கண்டக்டரம்மாவின் வலது கண்ணில் கறுப்பாக ஒரு திரை இறங்கியது. கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் மெல்லிய படலம் சுவரை விட்டு உரிந்து வந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. அறுவைச் சிகிச்சை செய்து, கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை விட்டார். குமிழி எப்போதும் மேல்நோக்கித்தான் போகும். ஆகவே நோயாளி குப்புறப் படுத்திருந்தால்தான் அது பின்சுவரைத் தாங்கிப் பிடிக்கும், படலம் ஒட்டும். பத்து நாள் தலை நிமிரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

மூன்று நாள் ஒழுங்காகத்தான் கிடந்தாள். வீடு பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே, முதல் மாடியில். நாலாம் நாள் மதியம் கண் அயர்ந்த நேரம். கீழே ஒரு பஸ் வந்து நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. புறப்படச் சொல்லும் இரட்டை விசிலைக் காணோம். தூக்கத்திலேயே பதறி எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, வாயில் இரண்டு விரலை வைத்து அவளே இரண்டு முறை விசிலடித்துவிட்டாள். பஸ் புறப்பட்டுப் போனது. படலம் மறுபடி உரிந்தது.

கேட்டால் சிரிப்பு வரும். அவளுக்கு வரவில்லை.

இரண்டாவது சிகிச்சை முடிந்ததும் டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். "இதுதான் கடைசி வாய்ப்பு. இந்தத் தடவ முப்பது நாள். சாப்பிடறப்பவும் குனிஞ்சுதான், நடக்கறப்பவும் குனிஞ்சுதான். இனி உரிஞ்சா அந்தக் கண்ணு அவ்வளவுதான்."

வழக்கம்போல ஆஸ்பத்திரித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த டைல்ஸ்காரர் மெதுவாகக் கேட்டார்: "அடியில தண்ணி நின்னு தூக்கியிருக்கு. இப்ப திரும்ப அழுத்தி வெச்சிருக்கீங்க. ஒட்டற வரைக்கும் மிதிக்கக் கூடாது. அவ்வளவுதானே டாக்டர்?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நான் பத்து நிமிஷமாச் சொல்றத நீங்க ஒரே வரியில சொல்லிட்டீங்க."

வீட்டுக்கு வந்ததும் டைல்ஸ்காரர் பழைய கதவுப் பலகை ஒன்றில் முகம் வைக்க வட்டமாக ஓட்டை போட்டு, விளிம்பில் பஞ்சு கட்டி, பஸ் சத்தம் கேட்காத பின்னறையில் நாலு கால் கொடுத்து நிறுத்தினார். கண்டக்டரம்மா அதில் குப்புறப் படுத்து, ஓட்டையில் முகத்தைப் பொருத்திப் பார்த்தாள். நல்ல கண்ணுக்கு முன்னால் இரண்டடி கீழே சாம்பல் நிறத்தில் சிமெண்ட் தரை. வேறொன்றும் இல்லை.

"முப்பது நாளும் இதையேவா பாக்கணும்? கண்ணு தப்பிச்சாலும் புத்தி தப்பிக்காதுங்க."

அவர் பாதங்கள் மட்டும் ஓட்டையின் ஓரத்தில் தெரிந்தன. கொஞ்ச நேரம் நின்றன. பிறகு குரல் வந்தது.

"தினம் ஒண்ணு போட்டுத் தர்றேன். ஒரு அடிக்கு ஒரு அடி. முப்பது நாளைக்கு முப்பது. நீ தலையத் தூக்காம இரு. பேச்சு இதுதான்."

"என்ன போட்டுத் தருவீங்க?"

"பாத்துத் தெரிஞ்சுக்க."

மறுநாள் விடிந்ததும் முன்னறையில் குறடு சில்லை நறுக்கும் சத்தம், டக், டக் என்று. வேலைக்குப் போகிற நேரத்தில் ஒரு சதுரப் பலகையைத் தரையோடு தள்ளி அவள் முகத்துக்கு நேர்கீழே நிறுத்தினார். பலகையில் மணல் பரப்பி, மணலில் சில்லுகளைப் பதித்திருந்தார். அவள் உற்றுப் பார்த்தாள்.

"டீ கெட்டில்."

"குருவி."

"மூக்கு நீட்டிக்கிட்டிருக்கே."

"அது வாலு." அவரும் குனிந்து பார்த்தார். "தலகீழா வெச்சிட்டேன்."

அது டைல்ஸ்காரர்களுக்கே உரிய பிசகு. அவர்கள் அறையின் உட்கோடியில் தொடங்கிப் பின்னாலேயே நகர்ந்து வாசலில் முடிப்பவர்கள். எதைப் போட்டாலும் வாசலில் நிற்பவருக்கு நேராக இருக்கும். உள்ளே இருப்பவர் எப்படிப் பார்ப்பார் என்று இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் கேட்டதில்லை. பலகையை அரைவட்டம் திருப்பினார். கெட்டில் குருவியாக மாறியது. கழுத்தைத் திருப்பி, ஒரு கண்ணால் அவளையே பார்த்தது. கண்டக்டரம்மா அன்று முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கண்ணுக்கு ஒரு துளி நீலச் சில்லு. கழுத்துக்குத் தேய்ந்த பழுப்பு. அந்தக் குப்பை வாளிக்குள் இப்படி ஒன்று இருந்ததா என்று அவளுக்கு நம்பவே முடியவில்லை.

இரண்டாம் நாள், அரிசியை இழுத்துப் போகும் எறும்பு. மூன்றாம் நாள், ஜன்னல் கம்பிகளின் நிழல். வெறும் இரண்டு நிறத்தில் சாய்வாகப் போட்டிருந்தார், அறைக்குள் வெயில் வந்துவிட்டது என்றே அவள் நினைத்தாள். அப்புறம் காயாத சிமெண்ட்டில் பூனை நடந்து போன தடம். யாரோ தவறவிட்ட சீப்பு, இரண்டு பல் போனது. குளித்துவிட்டு வந்தவரின் ஈரக்கால் சுவடு. முதல் சுவடு முழுசாக, அடுத்தது பாதியாக, மூன்றாவது வெறும் விரல் நுனிகளாக.

பகலில் துணைக்கு வருகிற அக்கா முதல் நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு வேற வேலை இல்லையா" என்றாள். ஆறாம் நாள் அந்த ஈரக்கால் சுவட்டைப் பார்த்துவிட்டுத் தரையோடு குனிந்தாள். பிறகு, "ஏன்டி, இது காயுது பாரு" என்றாள்.

உண்மையிலேயே காய்ந்துகொண்டிருப்பது போலத்தான் இருந்தது. பத்தொன்பது வருஷம் எத்தனை ஆயிரம் முகங்களைப் பார்த்தவள் கண்டக்டரம்மா. அதே வருஷங்களில் இவர் பக்கத்திலேயே வேறொரு உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். யாரும் குனிந்து பார்க்காத உலகம். இவர் எதையும் கவனிக்காத மனிதர் என்று அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கவனித்ததையெல்லாம் சொல்லத் தெரியாத மனிதர் என்பது இப்போதுதான் புரிந்தது. கூடவே தன்மேல் கொஞ்சம் வெட்கமும் வந்தது.

சாயங்காலம் வீடு திரும்பியதும் அந்தப் பாதங்கள் பலகையருகே வந்து நிற்கும். இடது சுண்டுவிரலில் நகம் கிடையாது. எந்தக் காலத்திலோ ஒரு டைல்ஸ் பெட்டி விழுந்து போனது. குதிகால் வெடிப்புகளில் வெள்ளைச் சிமெண்ட் அடைந்திருக்கும். அவளும் முகத்துக்குப் பதில் பாதத்தைப் படிக்கப் பழகிவிட்டாள். பெருவிரல் மேலும் கீழும் ஆடினால் மனிதர் சந்தோஷமாக இருக்கிறார். குதிகாலை ஊன்றாமல் நின்றால் முட்டி வலி.

"தெரிஞ்சுதா?"

"ஈரக்கால்."

பெருவிரல் ஆடியது.

பத்தொன்பதாம் நாள் வந்த சதுரத்தில் ஒரு ஜோடிப் பெண் செருப்பு. பச்சை வார். இடது செருப்பின் வார் அறுந்து, ஒரு ஊக்கு குத்தியிருந்தது. ஊக்கு மட்டும் ஒரே ஒரு வெள்ளிச் சில்லில் மெல்லிய கீற்றாக. செருப்புக்குள் இரண்டு பாதங்கள், இடது பாதம் வலதின் பின்னால் பாதி ஒளிந்தபடி.

அந்தச் செருப்பு அவளுடையது. கல்யாணப் பேச்சு நடந்த அன்று கடைக்கு ஓடித் திரும்பியவள், செருப்பைக் கழற்றக்கூட நேரமில்லாமல் கூடத்து வாசலோரத்திலேயே நின்றாள். அறுந்த வாரை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று இடது காலை வலது காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றதை அவள் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அக்காவுக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் பாதங்கள் வந்து நின்றதும் அவளே முந்திக்கொண்டாள். "நீங்க டைல்ஸத்தானே பாத்தீங்க."

"டைல்ஸ் மேலதானே நின்ன."

இருபத்தாறு வருஷத்து முள் எந்த வழியாக வெளியே போனதென்றே தெரியவில்லை.

இதோடு எல்லாம் சுகமாகப் போயிருக்கும் என்று நினைத்தால் அது தப்பு. மனசு மலர்ந்தால் கழுத்து வலி போய்விடுமா? தோள் இரும்பாகிவிட்டது. நெற்றியில் பலகை அழுத்திய தடம் புண்ணாகிவிட்டது. சோற்றைக் குனிந்தபடி விழுங்கி விழுங்கிச் சாப்பாட்டின்மேலேயே வெறுப்பு வந்தது. இருபத்து நாலாம் நாள் காலையில் குறடு நறுக்கும் சத்தம் கேட்கவில்லை. டைல்ஸ்காரர் விடியும் முன்பே அவசர வேலை என்று கிளம்பிப் போயிருந்தார். அக்காவுக்குக் காய்ச்சல், அவளும் பாதியில் போய்விட்டாள். முகத்துக்குக் கீழே வெறும் சிமெண்ட். முதல் நாள் பார்த்த அதே சாம்பல். பகல் முழுக்க அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குள் ஏதோ ஒன்று பொறுத்தது போதும் என்று முடிவு கட்டிவிட்டது.

சாயங்காலம் பாதங்கள் வந்தன. குதிகால் ஊன்றவில்லை.

"இன்னிக்கு ஒண்ணும் வரல" என்றாள்.

"நேத்து வேலையில குறடு வழுக்கி வலது கட்டைவிரல்ல ரெண்டு தையல். சொன்னா நீ பதறுவியேன்னு சொல்லல. பிடிச்சுப் பாத்தேன், சில்லு நிக்க மாட்டேங்குது."

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "அப்ப பேச்சு முடிஞ்சுபோச்சு. நானும் எழுந்திருக்கப் போறேன். ஒரு கண்ணு போனா போகட்டும், இன்னொண்ணு இருக்கு. என்னால ஆகல. ஒரு மனுஷ முகத்தப் பாத்து இருபத்து நாலு நாள் ஆச்சு."

இரண்டு கைகளையும் பலகையில் ஊன்றினாள். முழங்கை நிமிர்ந்தது. இன்னும் ஒரே ஒரு உந்து உந்தினால் போதும், தலை மேலே வந்துவிடும்.

அவர் தடுக்கவில்லை, கெஞ்சவில்லை. முட்டி இரண்டும் மடங்கி நொடிக்கும் சத்தம் கேட்டது. துணி சிமெண்ட்டில் உரசியது. வெறும் தரையாக இருந்த இடத்தில் முதலில் நரைத்த தலைமுடி வந்தது, பிறகு நெற்றி, பிறகு முழு முகம். டைல்ஸ்காரர் மல்லாந்து படுத்து, முதுகாலேயே நகர்ந்து வந்து, அவள் முகத்துக்கு நேர்கீழே தன் முகத்தை வைத்துக்கொண்டார்.

"என்ன பண்றீங்க?"

"இன்னிக்கு இதுதான்."

"இது சதுரமாவா இருக்கு?"

"கொஞ்சம் ஒடுக்கம். அட்ஜஸ்ட் பண்ணிக்க."

அவள் பார்த்தாள். புருவத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் துகளை, மூக்கோரத்துத் தழும்பை, எப்போது விழுந்ததென்றே தெரியாத நெற்றிச் சுருக்கங்களைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். கண்ணை எடுக்கவே இல்லை. ஆயுசெல்லாம் தரையைப் பார்த்த மனிதர் தரையாகவே படுத்துக்கொண்டு, கூச்சத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளைத் திகைக்க வைத்தது. இத்தனை காலம் இதை இவர் எங்கே வைத்திருந்தார்?

அவள் நல்ல கண்ணிலிருந்து ஒரு சொட்டு நேராக அவர் கன்னத்தில் விழுந்தது.

"ஒழுகுது" என்றார்.

"ஒழுகட்டும்."

ஊன்றிய கைகள் தாமாகவே தளர்ந்தன. நெற்றி பழையபடி பஞ்சில் படிந்தது. சோறு நேரம் தாண்டும் வரை அவர் அங்கிருந்து நகரவில்லை.

இருபத்தைந்தாம் நாள் காலையில் மறுபடி குறடு நறுக்கும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை மெதுவாக, விட்டு விட்டு. இடது கையால் போட்டிருந்தார். கோடுகள் கோணின, சில்லுகள் பெரிதாக இருந்தன, குடை காளான் மாதிரி வந்தது. அந்தக் கோணல் சதுரங்களைத்தான் அவள் அதிக நேரம் பார்த்தாள். முப்பதாம் நாள் வந்ததில் ஒரு கறுப்பு விசில். பக்கத்திலேயே இன்னொரு விசில்.

"எதுக்கு ரெண்டு?"

"வண்டிய எடுக்கலாம்னு அர்த்தம். கண்டக்டருக்கே நான் சொல்லணுமா?"

டாக்டரம்மா விளக்கை அடித்து, நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஒட்டிக்கிச்சு." பார்வை தெளிய மாசங்கள் ஆகும், இப்போதைக்கு நேர்கோடெல்லாம் வளைந்துதான் தெரியும் என்றார். கண்டக்டரம்மா நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரித் தரையைப் பார்த்தாள். "ஐயையோ, எல்லாம் நெளியுதுங்க" என்றாள். டைல்ஸ்காரர் குனிந்து பார்த்தார். "மூணாவது வரிசை நெஜமாவே நெளிஞ்சுதான் இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் தலை நிமிர்ந்து உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் காரியம்: "அந்தச் சதுரத்தையெல்லாம் கொண்டாங்க. ரெண்டு கண்ணாலயும் பாக்கணும்."

அவர் பின்கட்டுக்குப் போய் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் வைத்தார்.

"எல்லாம் இதுதான்."

"இதுன்னா?"

"ஒண்ணக் கலைச்சாத்தானே அடுத்தது போட முடியும். இருக்கறது ஒரு வாளிதான். பசை வெச்சிருந்தா மூணாம் நாளே தீந்துபோயிருக்கும். முப்பது நாளைக்கு வேணுமே."

அவள் வாளிக்குள் கையை விட்டாள். குருவியின் கண்ணாக இருந்த நீலம் கைக்கு வந்தது. அதுவேதான் பூனைத் தடத்தில் ஓரமாகக் கிடந்தது. அப்புறம் குடையின் நுனியில் இருந்தது. அவளுக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது. அவரைத் தவிர, உலகத்தில் அந்தச் சதுரங்களையெல்லாம் பார்த்தது அவள் ஒருத்திதான். அவளுக்காகவே போட்டு, அவள் பார்த்து முடித்ததும் மணலோடு மணலாகக் கலைத்திருக்கிறார். ஒன்றைக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. பிரமித்துப் போய், நீலச் சில்லை உள்ளங்கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் கண்டக்டரம்மா தரையில் உட்கார்ந்தாள். பலகையில் மணலைப் பரப்பினாள். குறடு பிடித்துப் பழக்கமில்லாத கை. இரண்டு இடத்தில் கீறிக்கொண்டாள். ஒரு கண்ணுக்குக் கோடு நேராகவும் மறு கண்ணுக்கு வளைவாகவும் தெரிய, இரண்டையும் சமாதானப்படுத்திக்கொண்டு போட்டு முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

டைல்ஸ்காரர் வந்தார். வழக்கம்போல முதலில் தரையைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

"என்னது இது, மம்மட்டியா?"

"சுத்தி வந்து இந்தப் பக்கம் நில்லுங்க. உங்களுக்குத் தலகீழாத் தெரியும்."

சுற்றி வந்து அவள் பக்கத்தில் நின்று குனிந்தார். நரைத்த முடி, புருவத்தில் ஒரு வெள்ளைத் துகள், மல்லாந்து நேராக மேலே பார்க்கும் இரண்டு கண்கள். இரண்டு கண்ணும் ஒரே அளவில் இல்லை. மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆனாலும் யாரென்று கேட்கத் தேவையில்லாத முகம்.

அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு சட்டையைக்கூட மாற்றாமல் பின்கட்டுக்குப் போனவர், உளியும் சுத்தியலும் கொண்டுவந்து பின்னறைச் சிமெண்ட் தரையில், அவள் முகம் முப்பது நாள் கவிழ்ந்திருந்த இடத்துக்கு நேர்கீழே, ஒரு அடிக்கு ஒரு அடி கொத்தி எடுத்தார். பசையைக் குழைத்தார். தையல் பிரித்த கட்டைவிரலால் ஒவ்வொரு சில்லாக, அவள் வைத்த கோணலைக் கொஞ்சமும் திருத்தாமல், எடுத்து எடுத்து அழுத்தினார்.

முடித்ததும் எழுந்து, கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"ரெண்டு நாளைக்கு இந்தப் பக்கம் வராத" என்றார். "ஒட்டட்டும்."